தோளில் ஒரு பொன்பட்டை

எங்கள் தேவாலயப் பங்கு மலருக்குப் பொறுப்பான மெற்றில்டா ரீச்சர் இரண்டு மாதமாக என்னை விடவில்லை. பூசை முடிந்து வாசலில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றாலும் வந்து பிடித்துக்கொள்வார்.

"ஸ்ரெல்லா அக்கா, நீங்கள் இருபத்தாறு வருசம் ஆமிக்காரருக்குச் சின்னம் தைச்சனீங்கள். இப்பிடி ஒரு வேலை மொன்றியலில இருக்கெண்டே இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். நல்லதாய் நாலு விசயம் எழுதினாக் காணும்."

நல்லதாக நாலு விடயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவை அரைப் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. குளிர்காலத்தில் தொழிற்சாலை சூடாக இருந்தது. ஒருவரும் என்னை மரியாதையில்லாமல் கூப்பிடவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் ஒரு மனிதரைப் பற்றியதாகவே வந்தது. அவரோடு நான் பேசியது மொத்தமாகக் கால் மணி நேரம் இருக்கும். ரீச்சர் இதை மலரில் போடுவாரோ தெரியாது. எழுதிவிட்டேன்.

நான் வேலை செய்தது மொன்றியலின் லாசால் பகுதியில், கால்வாய்ப் பக்கமாக இருந்த ஒரு நீளமான செங்கல் கட்டடத்தில். படைகளுக்கும் காவல்துறைகளுக்கும் தீயணைப்புக்காரருக்கும் துணிச் சின்னங்கள் செய்து கொடுக்கிற இடம் அது. மன்னாரிலிருந்து வந்து சேர்ந்த இரண்டாவது வருடம் நூல் வெட்டுகிற வேலைக்குப் போனேன். மெஷின் தைத்து முடித்த சின்னத்தின் பின்பக்கத்தில் தொங்கும் நூல்களைச் சிறிய கத்தரிக்கோலால் நறுக்குவதுதான் வேலை. நாலு வருடம் நூல் வெட்டினேன். பிறகு மெஷினுக்கு நூல் கோத்தேன். பிறகு மெஷின் ஓட்டினேன். கடைசிப் பதினைந்து வருடங்கள் சோதனை மேசையில் இருந்தேன். அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு சின்னமும் என் கண்ணைத் தாண்டித்தான் போனது.

பதவிகளை நான் மற்றவர்களைவிட வேகமாகப் பாடமாக்கினேன். அதற்குக் காரணம் கெட்டித்தனம் இல்லை. ஊரில் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது நாங்கள் ஆமிக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தோளைத்தான் பார்ப்போம். யார் கேள்வி கேட்கிறவன், யார் முடிவு எடுக்கிறவன் என்பது தோளில் எழுதியிருக்கும். அதைப் பிழையாக வாசித்தால் பிழையான ஆளிடம் கெஞ்சி நேரத்தை வீணாக்குவோம். அந்தப் பயம் கொடுத்த பழக்கம் லாசாலில் எனக்குச் சோறு போட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் முசியே பெல்லவான்ஸ். முசியே என்றால் ஐயா. உயரமான, ஒடிசலான மனிதர். ஒரு காலத்தில் இந்த நாட்டுப் படையில் களஞ்சியப் பகுதியில் இருந்தவர் என்று சொல்வார்கள். அவர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. சத்தம் போட மாட்டார். சின்னத்தை வெறும் விரலால் தொட மாட்டார். கறுப்பு வெல்வெட் துணி விரித்த பலகையில் வைத்து, அளவெடுக்கிற பித்தளை அடிமட்டத்தின் விளிம்பால் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பார். பிழை இருந்தால் பலகையை நம் பக்கம் திருப்பி, "ஆன்கோர்" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக இருந்தால் "போன்" என்பார். அந்த 'ன்' அவருடைய மூக்குக்குள்ளேயே நின்றுவிடும். முதல் கிழமை அவர் அப்படிச் சொன்னதும் போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் எழும்பிப் போய்விட்டேன். நல்லது என்று பாராட்டியிருக்கிறார். பிறகு அதே சொல்லைக் கேட்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு நெடுங்காலமாக ஓடர் கொடுத்து வந்த நாடு ஒன்று இருந்தது. ஆபிரிக்காவில் இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். வேலையை விடும்போது, வாடிக்கையாளர் பெயர் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாலு பக்கமும் வேறு நாடுகள் சூழ்ந்த, கடலே இல்லாத நாடு அது. பிரெஞ்சு முறையில்தான் அவர்களுடைய பதவிச் சின்னங்கள். எங்கள் ஊர் ஆமிக்கு நட்சத்திரம் என்றால் அவர்களுக்குப் பட்டை. இரண்டாம் லெப்டினனுக்கு ஒரு பொன்பட்டை, லெப்டினனுக்கு இரண்டு, கப்டனுக்கு மூன்று. அப்படியே ஏறிப்போய்க் கேணலுக்கு ஐந்து. நட்சத்திரம் ஜெனரல்மாருக்கு மட்டும். இவற்றைச் சிறிய துணி உறைகளில் தைப்போம். சட்டையின் தோளில் இருக்கிற நாடாவில் அந்த உறையைச் செருகி விடுவார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் அதை ஃபூரோ என்பார்கள். நான் இங்கே தோளுறை என்றே எழுதுகிறேன்.

ஒருநாள் அந்த நாட்டு ஓடரில் நங்கூரம் போட்ட தோளுறைகளும் இருந்தன. ஏதோ பிழையாக வந்துவிட்டது என்று அள்ளிக்கொண்டு பெல்லவான்ஸிடம் போனேன்.

"முசியே, இந்த நாட்டில் கடலே இல்லையே. நங்கூரம் எதற்கு?"

"ஆறு இருக்கிறது, மாடம். ஆற்றில் ஆறு படகு இருக்கிறது. ஆறு படகுக்கு ஒரு கொமாண்டர் இருக்கிறார். அவருக்கு நங்கூரம் வேண்டும்." சிரிக்காமல்தான் சொன்னார்.

கழிவுகளுக்கு அவர் வைத்திருந்த விதி கடுமையானது. சோதனையில் தள்ளப்பட்ட சின்னம் ஒவ்வொன்றையும் நாலாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை எண்ணிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். சாதாரண துணிக்கழிவோடு அது போகக் கூடாது. ஒரு மார்கழி மாதம் என் மகள் கிறிஸ்து பிறப்புக்குக் கட்டிய பாலன் குடிலுக்கு நட்சத்திரம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டு நட்சத்திரம் போட்ட ஒரு ஜெனரல் தோளுறை, ஓரத்தில் ஒரு தையல் விலகியதால் தள்ளப்பட்டுக் கிடந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பெல்லவான்ஸ் என் மேசைக்கு வந்தார். துண்டுகளில் நாலு குறைகிறது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் வேறு ஒருவர் பக்கத்திலும் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

"மாடம், அங்கே இதை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் நாற்பது பேர் அவன் சொல்வதைக் கேட்பார்கள். யார் அவன் என்று கேட்க மாட்டார்கள். தோளைத்தான் பார்ப்பார்கள். இதைத் துணி என்று நினைக்காதீர்கள்."

அடுத்த நாள் குடிலிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நானே நாலாக வெட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் சொன்னதன் பாரம் சில வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. வழக்கமாக அந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு இரண்டு சோடி ஜெனரல் தோளுறை கேட்டால் பெரிது. ஒரு கிழமை திடீரென்று பன்னிரண்டு சோடி கேட்டு வந்தது, அவசரம் என்று போட்டு. பெல்லவான்ஸ் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். "பன்னிரண்டு பழைய ஜெனரல்களுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆட்சி கவிழ்ந்த செய்தி அடுத்த நாள்தான் தொலைக்காட்சியில் வந்தது. அந்த இருபத்து நாலு தோளுறைகளையும் சோதித்து அனுப்பியது நான். ஒரு தையல்கூட விலகவில்லை.

இனி, கால் மணி நேரம் மட்டும் நான் பேசிய அந்த மனிதரின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம், பெல்லவான்ஸ் ஒரு பழுப்புக் கடித உறையை என் மேசையில் வைத்தார். அகதி விண்ணப்பம் ஒன்றை விசாரிக்கிற தரப்பிலிருந்து வந்த கடிதம். அதோடு ஒரு படம், பெரிதாக்கிய பிரதி. கறுப்பு வெள்ளை. மண் தெருவில் ஒரு லொறி நிற்கிறது. பின்னால் எரிந்த வீடுகள். லொறியின் படியில் ஒரு கால் வைத்துச் சீருடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். அந்த ஊரில் அன்று பல சனங்களைக் கொன்றிருக்கிறார்கள் என்றும், படத்தில் இருப்பவர் இப்போது மொன்றியலில் அடைக்கலம் கேட்டிருக்கிறார் என்றும் கடிதம் சொன்னது. கேள்விகள் மூன்று. இந்தத் தோளுறை உங்கள் தயாரிப்பா? ஆம் எனில், எந்தப் பதவிக்குரியது? எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

கேள்வி ஏன் வந்தது என்பதை விளங்கப்படுத்த வேண்டும். அவருடைய தோளில் ஒரே ஒரு பட்டை இருந்தது. ஒரு பட்டை இரண்டு பேருக்கு உண்டு. ஒருவர் இரண்டாம் லெப்டினன். வயது குறைவாக இருக்கலாம், ஆனால் அவர் அதிகாரி, கட்டளை இடுகிறவர். மற்றவர் அட்ஜுதான். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர். களஞ்சியமோ, சமையலோ, வாகனமோ பார்க்கிறவர். அதிகாரி அல்ல. அட்ஜுதானின் பட்டைக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். ஒரு மில்லிமீற்றர் அகலம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. விண்ணப்பித்தவர் தான் அட்ஜுதான் என்றும், சாப்பாட்டுக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் என்றும் சொல்லியிருந்தார். விசாரிக்கிறவர்கள் அதை நம்பவில்லை.

பெல்லவான்ஸ், "நீங்கள் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு முழுக் காலை அந்தப் படத்தோடு இருந்தேன். பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பிறகு எங்கள் மாதிரிப் பெட்டியிலிருந்து இரண்டு வகைத் தோளுறையும் எடுத்து, யன்னல் ஓரத்தில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். அதில்தான் பிடிபட்டது. லெப்டினனின் பட்டையில் பொன்நூல் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் ஒரே வீச்சாகப் போகும். வெயில் பட்டால் முழுப் பட்டையும் ஒரே மினுக்கமாக மினுங்கும். அட்ஜுதானின் பட்டையில் சிவப்புக்கு இடம் விடவேண்டும் என்பதால் பொன்நூல் நடுவில் உடையும். மினுக்கமும் இரண்டாகப் பிரியும். படத்தில் அந்த மனிதரின் வலது தோளில் வெயில் விழுந்திருந்தது. மினுக்கம் உடையவில்லை.

எனக்கு அப்போது வந்தது சந்தோசம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை. ஒருவருக்கும் தெரியாத ஒன்று என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்ற சந்தோசம். பெல்லவான்ஸைக் கூப்பிட்டு இரண்டு மாதிரிகளையும் வெயிலில் பிடித்துக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"போன்," என்றார். "த்ரே போன், மாடம் ஸ்ரெல்லா." மிக நல்லது என்றார். அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதிலும் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதிரிகளையும் சேர்த்து வைத்துப் பதில் எழுதினோம். ஆம், எங்கள் தயாரிப்பு. இரண்டாம் லெப்டினனுக்குரியது. முழு உறுதி. சோதனை மேசைப் பொறுப்பாளர் என்று போட்டு நான் கையெழுத்து வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். மழைத் தூறல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பு மனிதர் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"பொன்ஜூர், மாடம். நீங்கள்தானே மாடம் ஸ்ரெல்லா? என் பெயர் இத்ரிஸ். உங்கள் கையெழுத்து வைத்த கடிதம் என் வழக்கறிஞரிடம் இருக்கிறது."

நான் பயந்துவிட்டேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்தேன். அவர் அதைக் கண்டு இரண்டடி பின்னால் போனார்.

"பயப்பட வேண்டாம். சண்டை போட வரவில்லை. நீங்கள் எழுதியது சரி. அது லெப்டினனின் தோளுறைதான்."

அவர் மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். அந்தப் பகுதியில் மறைந்திருந்து சுடுகிறவர்கள் முதலில் அதிகாரிகளைத்தான் குறிவைப்பார்கள். அவர்களுடைய லெப்டினனுக்கு இருபத்து மூன்று வயது. ஊருக்குள் லொறி நுழைவதற்கு முன்னால் அவன் தன் தோளுறைகளைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு, இவருடையதை வாங்கித் தன் தோளில் செருகிக்கொண்டான். மாட்டேன் என்று சொல்ல இவரால் முடியாது. அவன் அதிகாரி.

"அன்று முழுக்க அவனைக் கொல்ல வேண்டிய குண்டுக்கு நான் தோள் கொடுத்தேன், மாடம். குண்டு வரவில்லை. படம் எடுக்கிறவர்தான் வந்தார்."

"இதை விசாரணையில் சொன்னீர்களா?"

"சொன்னேன். நல்ல கதை என்றார்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு சொல்வதால் நம்ப மாட்டோம் என்றார்கள்." தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "நீங்கள் துணியைப் பார்த்தீர்கள். சரியாகத்தான் பார்த்தீர்கள். ஆனால் அதற்குக் கீழே இருந்த தோள் யாருடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள். அந்தத் தோளுறையை யாரும் கழற்றி யாரும் போடலாம், அதற்கு எத்தனை வினாடி ஆகும் என்று மட்டும். நான் யார் என்று எழுத வேண்டாம்."

கைத்தொலைபேசியை எடுத்து மனைவியின் படத்தைக் காட்டினார். ஹவா என்று பெயர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறாராம். பக்கத்தில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். பஸ் வந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

எத்தனை வினாடி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தோளுக்கு நாலு வினாடி. சோதனை மேசையில் நானே ஆயிரம் தடவை செருகிக் கழற்றியிருக்கிறேன்.

மறுநாள் பெல்லவான்ஸிடம் போனேன். நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் கொடுத்துவிட்டோம். நாலாவது கேள்வி இல்லை, மாடம்."

"நீங்கள்தானே முசியே எனக்குச் சொன்னீர்கள், அவர்கள் தோளை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் படை எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய அதிகாரிகள் சின்னத்தை மாற்றி ஒளிந்துகொள்கிறார்கள் என்று எங்கள் தாளில் நாங்கள் எழுத முடியாது. எழுதினால் அடுத்த ஓடர் வராது. இங்கே அறுபது பேர் வேலை செய்கிறார்கள்." கொஞ்சம் பொறுத்து, "உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் வீட்டு முகவரியில் நீங்கள் எழுதலாம். நான் தடுக்க மாட்டேன். அறிந்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டேன்" என்றார்.

ஆகவே என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

அன்று பின்னேரம் என் கணவர் அன்ரனிடம் சொன்னேன். அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"இஞ்சேரும், அந்தாள் சொல்லுறது உண்மையெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஆனா களட்டிப் போடலாமெண்டது உண்மைதானே. அதை மட்டும்தானே எழுதச் சொல்லுறார்."

"அந்த ஊரில சனத்தைக் கொலை செய்திருக்கிறாங்கள். உவனும் அதில நிண்டிருக்கிறான். எங்கட சனத்துக்கு நடந்ததை மறந்திட்டீரே? உப்பிடி ஒருத்தனைக் காப்பாத்த நீர் கடிதம் குடுக்கப் போறீரோ?"

"அவர் சாப்பாட்டுக் களஞ்சியத்தில நிண்டவராம்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். பேசாம விடும், ஸ்ரெல்லா. உமக்கு ஓய்வுக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு."

அன்ரன் கெட்ட மனிதர் இல்லை. மன்னாரில் தள்ளாடி என்ற இடத்துச் சாவடியில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்து விட்டார்கள். அவருடைய இடது காது அன்றிலிருந்து கேட்காது. ஆமி உடுப்புப் போட்ட எவனுக்காகவும் அவரால் இரங்க முடியாது. அதை நான் அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று எனக்குள் கிடந்தது. எங்கள் சொந்த அகதி விசாரணையில், அன்ரனைப் பிடித்துக்கொண்டு போன அதிகாரியின் தோளில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டார்கள். அன்று நான் மண்ணில் முழங்காலில் இருந்தேன். சப்பாத்துகளைத்தான் கண்டேன். தோளைப் பார்க்கத் தலையை நிமிர்த்தவே இல்லை. தெரியாது என்று சொன்னால் எல்லாவற்றையும் பொய் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில், மூன்று நட்சத்திரம் என்று சொன்னேன். கப்டன் என்று எழுதிக்கொண்டார்கள். விவரமாகச் சொல்கிற சாட்சி என்று தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. நாங்கள் இந்த நாட்டில் இருப்பது அந்த வரியாலும்தான்.

நான் பொய் சொல்லி நம்ப வைத்தேன். அந்த மனிதர் உண்மை சொல்லியிருந்தால், அதை நம்பவிடாமல் செய்தது நான் எழுதிய உண்மை.

சனிக்கிழமை சமையலறை மேசையில் இருந்து கடிதத்தை எழுதினேன். பிரெஞ்சில், ஐந்து வரி. மூன்று தடவை திருத்தினேன். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று அலுமாரியில் வைத்தேன். திங்கட்கிழமை, வழக்கறிஞரின் முகவரி தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தெரியாவிட்டால் அவரையே கேட்டிருக்கலாம். வியாழக்கிழமை பின்னேரம் அவர் மறுபடியும் பஸ் தரிப்பில் நின்றார். தொழிற்சாலைக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தேன். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய சப்பாத்துப் போட்டிருந்தார், ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். நான் பின்கதவால் இறங்கி, இரண்டு தெரு தள்ளி இருக்கிற தரிப்புக்கு நடந்துபோய் வேறு பஸ் எடுத்தேன்.

அடுத்த கிழமை முழுக்க அந்தப் பஸ்ஸில்தான் போனேன். அதற்கு அடுத்த கிழமை முன்வாசல் தரிப்பில் ஒருவரும் நிற்கவில்லை.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்த பிறகு, அந்த வழக்கு முடிந்துவிட்டதாகவும் மாதிரிகளைத் திருப்பி அனுப்புவதாகவும் ஒரு சிறு கடிதம் தொழிற்சாலைக்கு வந்தது. எங்கள் உதவிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பெல்லவான்ஸ் அதை என் மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நான் நிமிரவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுக் கடலோரமாக எங்கோ போய்விட்டார். இரண்டு நத்தாருக்கு அட்டை அனுப்பினார். பிறகு வரவில்லை.

நான் தொடர்ந்து வேலை செய்தேன். அந்த நாட்டின் ஒற்றைப் பட்டைகள் மேசைக்கு வரும்போது மட்டும் பக்கத்தில் இருக்கிறவளிடம் தள்ளிவிடுவேன். கண் நோகிறது என்பேன்.

போன வைகாசியில் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் கர்க்லாண்டில் மகளின் வீட்டில் விருந்து வைத்தார்கள். கேக்கில் பொன்நிறத்தில் ஐந்து பட்டை போட்டு, அம்மா இனிக் கேணல் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்டுகிறதற்குக் கத்தியைத் தந்தபோது பட்டைகளை விட்டுவிட்டு ஓரத்தில் வெட்டினேன். மாமிக்குக் கண் தெரியவில்லை என்று மருமகன் பகிடி பண்ணினார்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அலுமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். பழைய தாளிலேயே கொடுக்க மனம் வரவில்லை. புதிதாக, தெளிவான எழுத்தில் எழுதினேன். நான் யார், என்ன வேலை செய்தேன், முன்பு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று எழுதி, அதன் கீழே, இந்தத் தோளுறையைக் கழற்றி இன்னொருவர் அணிய நாலு வினாடி போதும், ஆகவே படத்தில் தெரிவது தோளுறையின் பதவியே, மனிதரின் பதவி அல்ல என்று முடித்தேன். கையெழுத்து வைத்தேன். அன்ரனிடம் சொல்லவில்லை. மெற்றோ எடுத்து ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன்.

மரக்கறிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் ஹவாவைக் கண்டேன். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். மிளகாய்ப் பழங்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். அவர் கையில் இருந்த மிளகாயை வைத்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதலாளியிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் பூக்கோவாப் பெட்டிகள் அடுக்கியிருந்த குளிரறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவர் எங்கே?" என்று கேட்டேன்.

"அனுப்பிவிட்டார்கள், மாடம். நான்கு வருடம் ஆகிறது. அங்கே விமான நிலையத்தில் இறங்கியதும் ஃபோன் பண்ணினார். வந்துவிட்டேன், இரண்டு பேர் என்னிடம் வருகிறார்கள், பிறகு கதைக்கிறேன் என்றார். அவ்வளவுதான்."

"பிறகு?"

"பிறகு இல்லை."

குளிரறையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடைய விண்ணப்பமும் பிள்ளைகளுடையதும் இன்னும் முடியவில்லை என்றும், போகிற இடமெல்லாம் கணவரின் பதவியைத்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். நான் கடித உறையைக் கொடுத்தேன். அவர் கையைத் தன் முன்துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். நின்றபடியே, உதடு அசைய, மெதுவாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"இது உண்மையா?"

"உண்மை."

"அப்போதும் உண்மையாகத்தான் இருந்ததா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு பிரெஞ்சில் சொன்னேன். "அப்போதும் உண்மைதான்."

அவர் என்னை ஏசுவதற்காக நான் காத்திருந்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி, மேலே வலது மூலையில் விரலை வைத்தார்.

"திகதி போடவில்லை, மாடம். வழக்கறிஞர் திகதி இல்லாமல் எடுக்க மாட்டார்."

காதில் செருகியிருந்த பேனையை எடுத்துத் தந்தார். விலை எழுதுகிற தடித்த கறுப்புப் பேனை. பூக்கோவாப் பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து, அன்றைய திகதியை எழுதினேன். நாள், மாதம், வருடம். அவர் பக்கத்தில் நின்று, நான் வருடத்தை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.